பக்கத்து வீட்டு கேமரா உங்கள் வீட்டைப் பார்த்தால் என்ன செய்யலாம்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமத்து வீட்டில் சிசிடிவி இருக்கிறது என்றால், அதை மாட்டச் சொன்னவர் பெரும்பாலும் பெங்களூரில் இருப்பார். பிள்ளைகள் அங்கே வேலையில், ஊரில் வயதான அப்பா அம்மா மட்டும். வாசலில் வந்து நிற்பது யார், கொட்டகையில் மாடு கட்டியிருக்கிறதா, அப்பா பால் ஊற்றிவிட்டுத் திரும்பினாரா என்று போனிலேயே பார்த்துக்கொள்வதற்காக நாலு கேமராவும், படத்தைப் பதிவு செய்கிற ஒரு டிவிஆர் பெட்டியும். திருட்டுப் பயம் வேறு. போலீசாரும் கேமரா மாட்டுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் கேமரா வைத்தவரை எடுத்த எடுப்பிலேயே எட்டிப் பார்க்கிறவர் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

ஆனால் நம் ஊர் வீடுகள் எப்படி இருக்கின்றன? முன்னால் வாசல், திண்ணை. பின்னால் துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, பல வீடுகளில் இன்னமும் மேலே கூரை இல்லாமல் நாலு பக்கமும் சுவரோ தகரமோ மட்டும் வைத்த குளியலறை. பக்கத்து வீடு தரைத்தளமாக இருந்தவரை இந்தப் பின்பக்கம் யார் கண்ணிலும் பட்டதில்லை. அவர்கள் மாடி எழுப்பி, கைப்பிடிச் சுவரில் ஒரு கேமராவைக் கீழ்நோக்கி மாட்டிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அவர்களுக்கு வேண்டியது தங்கள் வீட்டுச் சந்து மட்டும்தான். திரையில் வருவதோ சந்து, மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் நீங்கள்.

இந்த இடத்தில்தான் தனியுரிமை என்ற பேச்சு வருகிறது. அதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

என்னை யாருமே பார்க்கக் கூடாது என்று கேட்கிற உரிமையாகப் பலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஓர் உரிமை யாருக்கும் கிடையாது. வாசலில் கோலம் போடும்போதும், ஒகேனக்கல் தண்ணீர் வருகிற தெருக்குழாயில் குடம் வைக்கும்போதும் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். சட்டம் கேட்கிற கேள்வி வேறு. இந்த இடத்தில் இருக்கும்போது தன்னை யாரும் பார்க்கவில்லை என்று ஒரு சராசரி மனிதர் நம்பியிருக்க நியாயம் உண்டா? குளியலறைக்குள் உண்டு, சந்தேகமே இல்லை. படுக்கையறை ஜன்னலுக்கு உண்டு. மதில் கட்டி மறைத்த பின்பக்கத்துக்கும் பெரும்பாலும் உண்டு. மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும்போது? இங்கே கொஞ்சம் வழுக்கும். எதிர்வீட்டு மாடியிலிருந்து எப்போதுமே தெரிகிற இடம் என்றால் வாதம் பலவீனம். வெயில் காலத்தில் குடும்பமே அங்கே பாய் விரித்துப் படுக்கிற வீடு என்றால் வலு கூடும். வாசல், தெரு, பொதுப்பாதை ஆகியவற்றில் இந்த எதிர்பார்ப்பு மிகக் குறைவு.

குறைவு என்றுதான் சொல்கிறேன், பூஜ்யம் என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர் மாடியில் வந்து நின்றால் உங்களுக்குத் தெரியும். உள்ளே போய்விடலாம், முந்தானையைச் சரிசெய்துகொள்ளலாம். கேமராவிடம் அது நடக்காது. ராத்திரி பகலாக ஓடும், யார் பார்க்கிறார், எந்த ஊரிலிருந்து பார்க்கிறார், பதிவு எத்தனை பேர் போனுக்குப் போகிறது என்று தெரியாது. உங்கள் வாசலை மட்டுமே காட்டுகிற கேமராகூட, ஒரு மாதம் ஓடினால் நீங்கள் எப்போது வீட்டைப் பூட்டுகிறீர்கள், உங்கள் மகள் எத்தனை மணிக்குத் திரும்புகிறாள், யார் வந்து போகிறார்கள் என்று ஒரு கணக்கையே சேர்த்து வைத்துவிடும்.

சட்டம் எங்கே இருக்கிறது?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: 'பக்கத்து வீட்டை நோக்கி கேமரா வைக்கக் கூடாது' என்று ஒரே வரியில் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. வெவ்வேறு சட்டங்களிலிருந்து பொறுக்கி எடுத்துத்தான் பேச வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், இதற்கு மிக நெருக்கமான வாசகம் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஈஸ்மென்ட் சட்டம் என்றால்தான் வக்கீல்களுக்கே உடனே புரியும். அதன் 18ஆவது பிரிவு ஓர் உதாரணம் சொல்கிறது: அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைப் பெரிதும் குலைக்கும் விதத்தில் புதிதாக ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருந்தால், அந்த ஊரில் வீடு கட்டுகிறவருக்கு அந்த உரிமை தானாகவே சேரும், வெளியார் பார்வைக்குச் சாதாரணமாகப் படாத பகுதிகளைப் பார்க்கும்படி பக்கத்து வீட்டார் புது ஜன்னல் வைக்க முடியாது. நம் இரண்டு மாவட்டங்களும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள், சென்னை மாகாணத்தில் இருந்தன. இந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. ஆனால் இதை அப்படியே கேமராவுக்கு எதிராகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஊர் வழக்கம் அப்படி இருந்தது என்று நிரூபிக்க வேண்டும், அது லேசான காரியம் இல்லை. எனக்கு இதில் பிடித்தது அந்த அளவுகோல்தான்: 'வெளியார் பார்வைக்குச் சாதாரணமாகப் படாத பகுதி'. ஜன்னல் என்று இருக்கிற இடத்தில் லென்ஸ் என்று போட்டுப் பாருங்கள், இன்றைக்கும் பொருந்துகிறது.

அடுத்தது அரசியலமைப்பு. இதில் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் தடுத்தார்கள். அந்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், 'தன்னைத் தன்போக்கில் இருக்க விடு' என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் 21ஆவது பிரிவிலேயே அடங்கியிருக்கிறது என்றது. தன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற விஷயங்களின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை என்று விளக்கமும் கொடுத்தது. மறு ஆண்டு ஆட்டோ சங்கர் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பிறகு 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடர்ந்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள்.

சரி, அடிப்படை உரிமை ஆயிற்றே, பக்கத்து வீட்டுக்காரர் மேல் நேராகப் பாயலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அடிப்படை உரிமை முதன்மையாக அரசுக்கு எதிரான கவசம். தனிநபருக்கு எதிராகவும் அதைக் கோரலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு பெரும்பான்மையாகச் சொல்லியிருக்கிறது என்றாலும், சந்துத் தகராறுக்கு ரிட் மனு போட்டு வெல்வது என்பது நடைமுறையில் சுற்றுவழி. அந்தத் தீர்ப்புகள் கீழ்க்கோர்ட்டில் உங்கள் வாதத்துக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2025 நவம்பரில் அதற்கு விதிகளும் அறிவிக்கப்பட்டன, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி. ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். வீட்டுக் காவலுக்கு மாட்டிய கேமரா அந்த விலக்கைத்தான் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பது கடையோ லாட்ஜோ கம்பெனியோ என்றால் கதை வேறு.

குற்றவியல் சட்டம் கூர்மையானது, ஆனால் குறுகலானது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு (2024 ஜூலைக்கு முன்னால் இது இபிகோ 354சி) ஒரு பெண் குளிக்கும்போது, உடை மாற்றும்போது, கழிப்பறையில் இருக்கும்போது என்று தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என நம்பும் நிலையில் யார் பார்த்தாலோ படம் பிடித்தாலோ குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அபராதம். மறுபடி செய்தால் மூன்று முதல் ஏழு வருடம். 79ஆவது பிரிவு, ஒரு பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அவள் அந்தரங்கத்தில் நுழைவதைத் தண்டிக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. ஒருவரின் அந்தரங்க உறுப்பின் படத்தை அவர் சம்மதமில்லாமல் எடுப்பதோ அனுப்புவதோ மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூரையில்லாத குளியலறையை நோக்கிய கேமரா இந்தப் பிரிவுகளுக்குள் வந்துவிடும் வாய்ப்பு அதிகம். உங்கள் வாசல்படியை நோக்கிய கேமரா வராது. ஸ்டேஷனில் 'இது சிவில் மேட்டர்ங்க' என்று திருப்பி அனுப்புவது பல நேரம் இந்த வேறுபாட்டால்தான்.

நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் திரும்புகின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டை வேவு பார்க்க அனுமதிக்க முடியாது, இதற்கு வழிகாட்டு நெறிமுறை வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 வாக்கில் கருத்துச் சொன்னது. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசிக்கும் சகோதரர்களுக்குள் நடந்த வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதமில்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா ஓடக் கூடாது என்று 2025இல் உயர் நீதிமன்றம் சொல்ல, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. பங்காளி வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற நம் ஊர்களுக்கு இந்த இரண்டாவது வழக்கு ரொம்பவே பயன்படும்.

முதலில் திரையைப் பாருங்கள்

கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து முடிவுக்கு வராதீர்கள். நீளமான புல்லட் கேமரா என்றால் ஓரளவு ஊகிக்கலாம். கிண்ணம் மாதிரி டோம் கேமராவில் ஒன்றும் தெரியாது. வீடுகளில் அதிகம் மாட்டுகிற 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய நூறு டிகிரிக்கு மேல் பரந்து பார்க்கும். நேராகச் சந்தைப் பார்ப்பது போல இருக்கும், ஓரத்தில் உங்கள் தொட்டியும் விழும். மறுபக்கம், உங்களையே முறைப்பது போலத் தெரிகிற கேமராவின் படத்தில் உங்கள் மதில் உச்சி மட்டும் இருக்கலாம்.

அதனால் என் கட்சி இதுதான்: மனு எழுதுவதற்கு முன்னால், ஆள் கூட்டுவதற்கு முன்னால், அவர்கள் திரையில் என்ன வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாலக்கோடு பக்கம் ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து பையன் பண்டிகைக்கு வந்திருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா போய், "தம்பி, கேமராவை எடுன்னு சொல்ல வரல. உங்க போன்ல எங்க பின்பக்கம் எவ்வளவு தெரியுதுன்னு ஒரு தடவை காட்டுப்பா" என்று கேட்டால், பெரும்பாலான பையன்கள் போனை எடுத்துக் காட்டிவிடுவார்கள். படத்தில் தகரத்துக்கு மேலே குளியலறைக்குள் பாதி தெரிகிறது என்றால் அவனுக்கே முகம் சுருங்கும். "அம்மாவும் இதைப் பாத்ததில்லைக்கா, நான் ஆளை வரச்சொல்றேன்" என்பான். கேமராவை எடு என்று ஆரம்பித்திருந்தால் 'எங்க வீட்டுச் சுவர், எங்க இஷ்டம்' என்ற பதில்தான் வந்திருக்கும்.

மாட்டுகிற ஆளிடம் கேட்க வேண்டியது மூன்று வேலை. கேமராவைக் கீழே, உள்பக்கமாகச் சாய்ப்பது; அது முடியாவிட்டால் இடத்தை மாற்றுவது; அதுவும் முடியாவிட்டால் பிரைவசி மாஸ்க் போடுவது. கடைசியது பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான டிவிஆர்களில் அமைப்புகளுக்குள் போனால், படத்தின் ஒரு பகுதியைக் கட்டம் வரைந்து கறுப்பாக்கிவிடலாம். அந்தப் பகுதி திரையிலும் வராது, பதிவிலும் இருக்காது. காசு செலவில்லை, சில நிமிட வேலை. சந்தும் கேட்டும் வழக்கம்போலத் தெரியும், உங்கள் தொட்டி இருக்கிற மூலை மட்டும் கறுப்பு. ஒரு எச்சரிக்கை: பல்பு ஹோல்டரில் மாட்டுகிற, போனிலிருந்து சுற்றிச் சுற்றித் திருப்பக்கூடிய வைஃபை கேமராக்களை இந்தக் கறுப்புக் கட்டத்தை நம்பி விட்டுவிட முடியாது. இன்றைக்குச் சந்தைப் பார்ப்பது நாளைக்கு உங்கள் ஜன்னலைப் பார்க்கும். அந்த வகை கேமராவுக்கு இடமாற்றம்தான் சரி.

ஒலியை மறந்துவிடாதீர்கள். இப்போது வரும் பல கேமராக்களில் மைக் உண்டு. படத்தில் சந்து மட்டும் தெரிந்தாலும், திண்ணையில் நீங்கள் பேசுகிற சம்பந்தப் பேச்சும் கடன் பேச்சும் அவர்கள் போனில் கேட்கலாம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு கோர்ட்டில் 2021இல் வந்த ஒரு வழக்கில், அழைப்புமணி கேமராவின் படத்தைவிட அது தூரத்துப் பேச்சைப் பிடிப்பதுதான் பெரிய பிரச்சினை என்று நீதிபதி சொன்னார். அங்கே தரவுச் சட்டம் வேறு, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மைக்கை அணைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. திருடனைப் பிடிக்க உங்கள் வீட்டுப் பேச்சு எதற்கு?

இடையில் உங்கள் பக்கமும் ஒரு மறைப்பு போட்டுக்கொள்ளலாம். ஓசூர், தளி பக்கம் பசுமைக்குடில்காரர்கள் வாங்குகிற பச்சை ஷேட் நெட் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. குளியலறைக்கு மேலே இழுத்துக் கட்டினால் அன்றைக்கே நிம்மதி. நாம் ஏன் மறைக்க வேண்டும், அவர்கள் அல்லவா திருப்ப வேண்டும் என்ற கோபம் நியாயமானது. இருந்தாலும் வழக்கு முடியும்வரை குளிக்காமல் இருக்க முடியாதே. செய்யவே கூடாதது ஒன்று: கல்லை விட்டு உடைப்பது, ஒயரை வெட்டுவது. சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு உங்கள் மேல் வரும், அதற்கு ஆதாரம் அந்த கேமராவிலேயே இருக்கும்.

பேச்சு பலிக்கவில்லை என்றால்

எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், ஸ்பீட் போஸ்டில். எந்த கேமரா, எந்தச் சுவரில், உங்கள் வீட்டின் எந்தப் பகுதி தெரிகிறது, என்ன மாற்றம் கேட்கிறீர்கள் என்பது மட்டும் போதும். பழைய வேலித் தகராறையும் ஆடு மேய்ந்த கதையையும் அதில் இழுக்க வேண்டாம். நீதிபதி கண்ணில் அது பங்காளிச் சண்டையின் இன்னொரு அத்தியாயமாகிவிடும். உங்கள் வீட்டுக்குள் நின்று கேமராவைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

குளியலறை, படுக்கையறை விஷயம் என்றால் கடிதத்துக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ உள்ளூர் ஸ்டேஷனிலோ அன்றே புகார் கொடுத்து, குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்கிவிடுங்கள். டிவிஆரில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதிக்கொண்டு போகும். தாமதித்தால் ஆதாரம் தானாகவே அழிந்துவிடும். அதனால் பெட்டியைக் கைப்பற்றும்படி புகாரிலேயே கேளுங்கள். பதிவு வாட்ஸாப்பில் சுற்றுகிறது என்றால் சைபர் கிரைம் பிரிவுக்கும் ஒரு பிரதி. படத்தில் இருப்பது குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றியும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற கேமராக்களுக்கு வழி சிவில் கோர்ட். தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று உங்கள் எல்லைக்குட்பட்ட முன்சீப் கோர்ட்டில், கேமராவை மாற்றியமைக்கவும் இனி வீட்டை நோக்கி வைக்காமலிருக்கவும் உத்தரவு கேட்டு வழக்குப் போடலாம். கூடவே வக்கீல் கமிஷனர் ஒருவரை அனுப்பும்படி மனுப் போடுங்கள். இந்த வகை வழக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அவர் இரண்டு வீட்டுக்கும் வந்து, கேமராவின் கோணத்தையும் திரையில் வரும் காட்சியையும் பார்த்து அறிக்கை கொடுப்பார். அதன்பின் 'தெரிகிறது', 'தெரியவில்லை' என்ற வாய்ச்சண்டைக்கு வேலை இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பவர்களும் உண்டு. கொடுங்கள், தப்பில்லை, ஆனால் அது சுற்றி வந்து அதே ஸ்டேஷனில்தான் நிற்கும்.

ஓசூரில் லைன் வீட்டில், அதாவது ஒரே ஓனரின் வரிசை வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கேமரா வைப்பது பக்கத்து வீட்டார் அல்ல, வீட்டு ஓனர். பொது நடையிலும் பைக் நிறுத்துமிடத்திலும் அவர் வைக்கலாம். வாடகைக்கு விட்ட பிறகு அந்த அறையும் அதன் உள்பக்கமும் உங்கள் அனுபவத்தில் இருப்பவை. கதவு திறந்தால் கட்டில்வரை தெரிகிற கோணத்தில் நடையில் கேமரா இருந்தால் திருப்பச் சொல்லலாம். பொதுக் குளியலறைக் கதவை நோக்கிய கேமராவையும் சேர்த்துத்தான். தனியாகப் போய்க் கேட்டால் 'பிடிக்கலைன்னா காலி பண்ணுங்க' என்பார்கள். அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது, பயம் இருக்கத்தான் செய்யும். வரிசையில் இருக்கிற நாலு குடித்தனமும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மேல். ஒரே நாளில் நாலு வீட்டைக் காலி பண்ணச் சொல்ல எந்த ஓனருக்கும் மனசு வராது.